மரியதாசன் கண் மூடிய படம்

‘திங்கட்கிழமை காரோடு வரவும்’ என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி என் மேசைமேல் வைத்திருந்தார் முதலாளி. போனில் அவர்கள் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார். கேரள எல்லையில் ஒரு மீனவர் சங்கம். உறுப்பினர்கள் எல்லாருக்கும் படம் போட்ட அடையாள அட்டை செய்து கொடுக்க வேண்டும். படம் எடுக்கப் போகிறவனுக்கு பஸ் போதாதா, கார் எதற்கு என்று முதலாளி நாள் முழுக்க முணுமுணுத்தார். எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்த எனக்குக் கார் என்பது அடுத்தவர் கல்யாணத்தில் ஏறுகிற வண்டி.

தொண்ணூறுகளின் கடைசி அது. முதலாளியின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கி வந்திருந்தார். பிலிம் கிடையாது. கம்ப்யூட்டரில் போடுகிற பிளாப்பியையே அதன் பக்கவாட்டில் செருக வேண்டும். பார்வைக்குப் பெரிய டிபன் டப்பா, கனத்துக்குச் செங்கல். பொத்தானை அழுத்தினால் உள்ளே கர்ரென்று எதையோ அரைக்கும். மனசுக்குள் பத்து எண்ணுவதற்குள் பின்பக்கச் சின்னத் திரையில் படம் வந்துவிடும். எடுத்த கையோடு பார்க்கலாம், பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம். இன்று என் கைப்பேசி இதையெல்லாம் சத்தமில்லாமல் செய்கிறது, நானும் கண்டுகொள்வதில்லை. அன்றைக்கு அந்தக் கேமராவைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கையைப் பேண்டில் துடைத்துக்கொள்வேன். அவ்வளவு பயபக்தி எனக்கு.

திங்கள் காலை பாறசாலையில் இறங்கினேன். எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டியது முதல் எந்தப் பலகையையும் படிக்க முடியவில்லை. எழுத்துகள் எல்லாம் ஜிலேபி சுற்றிக்கொண்டு நின்றன. நாற்பது வயதில் திடீரென்று எழுதப் படிக்கத் தெரியாதவனாகிப்போனதில் எனக்குக் கொஞ்சம் கோபம் கூட வந்தது. இதற்குப் பாஸ்போர்ட் ஒன்றுதான் பாக்கி என்று நினைத்தபடி ஒரு சாயாக்கடைக்குள் நுழைந்தேன். கண்ணாடி அலமாரியில் பொன்னிறமாக எதுவோ அடுக்கியிருந்தது. வாழைக்காய் பஜ்ஜி என்று நம்பிக் கடித்தால் உள்ளே பழம், தித்திப்பு. பழத்தைக்கூட எண்ணெயில் போடுவார்களா என்று கடைக்காரரிடம் கேட்டதற்கு, மதுரையில் போடமாட்டார்களா என்று அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பேசாமல் இன்னொன்று வாங்கித் தின்றேன்.

வெளியே அம்பாசிடர் டாக்சிகள் நின்றன. முதலாளியின் துண்டுத்தாளை நினைத்துக்கொண்டு ஒன்றில் ஏறினேன். எங்கே என்று கேட்டார் ஓட்டுநர். மீனவர் சங்கத்துக்குக் காரோடு போக வேண்டும் என்றேன்.

“அதாக்கும் நானும் கேக்கியது. காரோட்டில எங்க?”

கார் ஓட்டத்தான் உங்களைக் கூப்பிட்டேன் என்றேன் நான். அவர் என்னைக் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். வழியெல்லாம் ரப்பரும் தென்னையும், அங்கே மரச்சீனி என்கிற மரவள்ளியும். எங்கள் பக்கம் ஓர் ஊர் முடிந்தால் ஒரு பொட்டல் வரும், பிறகு அடுத்த ஊர் வரும். இங்கே வீடுகளுக்கு நடுவே தோட்டமும் தோட்டத்துக்கு நடுவே வீடும் போய்க்கொண்டே இருந்தன. எந்த ஊர் எங்கே முடிகிறது என்று அங்கேயே பிறந்தவர்களுக்குத்தான் தெரியும் போலிருக்கிறது.

சங்கத்தின் செயலாளர் சேவியர் வாசலிலேயே நின்றிருந்தார். கார் வந்து நின்றதைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது. வாடகை யார் கொடுப்பது என்ற கவலை. விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை அடக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“சாரே, காரோடுன்னா எங்க ஊருக்க பேராக்கும். பஸ்ஸில வந்தா போதுமாயிருந்தே.”

ராத்திரிக்குள் ஊர் முழுக்க இந்தக் கதை பரவிவிட்டது. அந்த வாரம் முழுக்க நான் ‘கார்க்கார சார்’. சேவியர் வீட்டு முன்னறையில் தங்கிக்கொண்டு, கொழுத்த சிவப்பரிசிச் சோற்றையும் இளஞ்சிவப்பாக இருந்த வெந்நீரையும் ஒரு கை பார்த்தேன். அந்த நிறத்தைப் பார்த்து, எதையோ கழுவிய தண்ணீர் என்று முதல் டம்ளரை வெளியே ஊற்றிவிட்டேன். மரப்பட்டை போட்டுக் காய்ச்சிய குடிநீர் என்று சேவியரின் மனைவி பிறகு சொன்னார்.

செவ்வாய்க்கிழமை தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் வேலை ஆரம்பித்தது. சேவியர் தன் வீட்டுப் படுக்கை விரிப்பைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தார். முன்னால் ஒரு மடக்கு நாற்காலி. ஆட்கள் கடலிலிருந்து வந்து குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளைச் சட்டையோடு வரிசையில் நின்றார்கள். முதல் ஆளை எடுத்துத் திரையைத் திருப்பிக் காட்டினேன். அந்த ஆள் படத்தைப் பார்த்தார், கேமராவின் அடிப்பக்கத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கழுவ வேண்டாமா என்று மெல்லக் கேட்டார். வேண்டாம் என்றேன். வேளாங்கண்ணி மாதாவே என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால், அதை எப்படிச் செய்கிறது என்று எனக்கும் தெரியாது. அவருக்கு இருந்த வியப்பு எனக்கும் இருந்தது, சம்பளம் வாங்குகிறவன் என்பதால் மறைத்துக்கொண்டேன்.

இன்னொரு பெரியவர் திரையில் தன் முகத்தைப் பார்த்ததும் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து, அதைப் பார்த்துக்கொண்டே தலை சீவினார். படத்தில் முடி படியவே இல்லை. கண்ணாடி பழுதாகிவிட்டது என்று என்னிடம் புகார் செய்தார்.

பதினோரு மணி வாக்கில் மரியதாசன் வந்தார். முப்பது வயசு இருக்கும். இரண்டு நாளாகத் தூங்காமல் இஞ்சின் பழுது பார்த்திருக்கிறார். வள்ளம் அப்போதே புறப்படத் தயாராக இருந்தது. போகிற வழியில் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று கையில் கிரீசோடு வந்திருந்தார். பளிச்சென்று விளக்கு அடித்ததும் கண்ணை மூடிவிட்டார். இன்னொன்று எடுக்கிறேன் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரையிலிருந்து கூப்பிட்டார்கள்.

“நாளைக்கு வந்து கண்ணத் தொறந்து வச்சு இருக்கேன், போதுமா?” என்று சிரித்துவிட்டு ஓடினார்.

அவருடைய அம்மா ரோசம்மாவும் மனைவி ஸ்டெல்லாவும் அங்கேதான் நின்றார்கள். கர்ரென்று அரைத்து முடித்துத் திரையில் படம் வந்தது. நல்ல வெளிச்சத்தில், வெள்ளை விரிப்புக்கு முன்னால், கண் மூடிய மரியதாசன். ரோசம்மா ஓர் அடி பின்னால் போனார்.

அந்தக் கடற்கரையில் ஒரு மனிதனைக் கண் மூடிய நிலையில் படம் எடுப்பது ஒரே ஒரு தடவைதான். சவப்பெட்டியைச் சுற்றி வீட்டார் எல்லாரும் நிற்பார்கள். ஸ்டூடியோக்காரர் வந்து எடுப்பார். வளைகுடாவிலிருந்து வர முடியாத பிள்ளைகளுக்கு அந்தப் படம் தபாலில் போகும். இதைச் சேவியர் எனக்கு மெதுவாக விளக்கி முடிப்பதற்குள் ரோசம்மா என் கையைப் பிடித்துவிட்டார்.

“மக்கா, கண்ணடைச்ச படம் நமக்கு வேண்டாம். மாய்ச்சுக் களை.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாய்ப்பது என்ற சொல்லை நான் செய்தித்தாளில் மட்டும் பார்த்திருக்கிறேன். உயிரை மாய்த்துக்கொண்டார் என்று போடுவார்கள். பெற்ற தாய் மகனைக் காட்டி இப்படிச் சொல்கிறாளே என்று சேவியரைத் திரும்பிப் பார்த்தேன். சிலேட்டில் எழுதியதைத் துடைப்பதற்குத்தான் இங்கே அந்தச் சொல், வேறொன்றும் இல்லை என்று சேவியர் தெளிவுபடுத்தினார். சரி, துடைப்பதுதானே என்று கட்டைவிரலைப் பொத்தானுக்குக் கொண்டு போனேன். ஸ்டெல்லா பின்னாலிருந்து சொன்னாள்:

“மாய்க்கண்டாம் சாரே. ஆளு கடலிலாக்கும்.”

மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இருவரும் என் விரலைத்தான் பார்த்தார்கள். நாளைக்கு ஆள் வந்துவிடுவார், வேறு படம் எடுத்த பிறகு இதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி நழுவினேன். வரிசையில் அடுத்த ஆள் வந்து உட்கார்ந்தார்.

புதன்கிழமை அதுவரை எடுத்ததெல்லாம் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்க்க நெய்யாற்றின்கரைக்குக் கிளம்பினேன். அங்கே ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறவரைச் சேவியருக்குத் தெரியும். பலகை படிக்கத் தெரியாததால் கண்டக்டரிடம் நெய்யாற்றின்கரைதானே என்று கேட்டேன். அவர் தலையை ஒரு மாதிரி ஆட்டினார். ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன். அந்த ஆட்டலுக்கு அங்கே என்ன பொருள் என்பதைக் காஞ்சிரங்குளத்தில் இறங்கிய பிறகு தெரிந்துகொண்டேன். பிளாப்பி டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இன்னொரு பஸ்ஸில் தொங்கியபடி நெய்யாற்றின்கரை போய்ச் சேர்ந்தபோது மத்தியானமாகிவிட்டது.

வகுப்பு நடத்துகிறவர் நெற்றியில் சந்தனக் குறியோடு சாந்தமாக இருந்தார். அவருடைய பெரிய திரையில் முகங்களை ஒவ்வொன்றாக விரித்தார். கேமராவின் சின்னத் திரையில் நான் பார்த்தது பாதிகூட இல்லை. கண் ஓரத்தில் வெயிலைப் பார்த்துப் பார்த்து விழுந்த கோடுகள், காதுமடலில் காய்ந்த உப்பு, எதிரே இருக்கிற என்னைத் தாண்டித் தூரத்தில் எதையோ பார்க்கிற பார்வை. எல்லாருக்கும் அதே பார்வைதான் இருந்தது. நேற்று இவர்களை நாற்காலியில் உட்காரவைத்துத் தாடையைத் தூக்கு, தோளை நிமிர்த்து என்று அதட்டியதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. வகுப்பில் இருந்த மாணவிகள்கூடத் தட்டச்சை நிறுத்திவிட்டு எங்கள் பின்னால் வந்து நின்றார்கள்.

மரியதாசன் படம் வந்ததும் இது வீண், இடத்தை அடைக்கிறது என்று அவர் அழிக்கிற விசைக்குக் கையைக் கொண்டு போனார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். ஆள் கடலில் இருக்கிறார் என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று எனக்கே உறைத்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் திரும்பியபோது கரையில் கூட்டம். மற்ற வள்ளங்கள் வந்துவிட்டன. மரியதாசனும் இன்னும் மூன்று பேரும் போன வள்ளம் மட்டும் வரவில்லை. விடிகாலையில் அவர்களுடைய இஞ்சின் நின்றுபோய் வள்ளம் நீரோட்டத்தில் தெற்கே மிதந்து போவதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். கயிறு எறிவதற்குள் மழை மறைத்துவிட்டதாம்.

மற்ற மூன்று பேருடைய படமும் நன்றாக விழுந்திருந்தது. அவர்கள் வீட்டார் வந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். ஸ்டெல்லா மட்டும் மறுபடி மறுபடி வந்தாள். வாசலில் நிற்பாள், ஒன்றும் கேட்கமாட்டாள். நானே பிளாப்பியைச் செருகித் திரையைத் திருப்புவேன். பார்த்துவிட்டுக் கரைக்குப் போவாள். பேட்டரி இறங்கிக்கொண்டே வந்தது. அந்தச் சமயம் பார்த்துச் சாயங்காலங்களில் கரண்ட் வேறு போய்விடும். அதற்காக இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வியாழக்கிழமை ரோசம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். மகன் இல்லாத வீட்டில் சாப்பிடவா என்று தயங்கினேன். வரவில்லையென்றால் தப்பாக நினைப்பார்கள் என்றார் சேவியர். அவித்த மரச்சீனி, மிளகாய் அரைத்து வைத்த சாளைக்கறி. மதுரையில் எத்தனையோ மீன் குழம்பு தின்றிருக்கிறேன், அந்தக் கறியின் பக்கத்தில் எதுவும் நிற்காது. ரோசம்மா மரச்சீனியை வைத்தபடி அந்தப் படத்தை மாய்க்கும்படி மறுபடி சொன்னார். ஸ்டெல்லா இன்னும் இரண்டு சாளையை வைத்தாள். அவர் ஒரு கரண்டி, இவள் ஒரு கரண்டி. நடுவில் என் தட்டு மலையாகிக்கொண்டே போனது. வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

ஸ்டெல்லா தண்ணீர் எடுக்கக் கொல்லைப்பக்கம் போன நேரத்தில் ரோசம்மா என் முன்னால் தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் சேர்த்தார்.

“கும்பிடுதேன் மக்கா. அது இருக்கியது வரை எனக்க பிள்ளை வரமாட்டான்.”

என் அம்மா வயசு அவருக்கு. மாய்த்துவிட்டேன் அம்மா, நேற்றே மாய்த்துவிட்டேன் என்று சொன்னேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது எனக்கே பிடிக்கவில்லை. அவர் பெருமூச்சு விட்டு, சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். ஸ்டெல்லா குடத்தோடு வாசலில் நின்றிருந்தாள். கேட்டிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்து, இல்லை என்று கண்ணால் சொன்னேன். புரிந்ததா என்று தெரியவில்லை. ஒரே மதியத்தில் ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு பதில் சொல்லிவிட்டு அவர்கள் சோற்றையும் தின்றேன். ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் பொய் உண்மையாகியிருக்கும். அழுத்த என்னால் முடியவில்லை. எனக்கு இந்த மாதிரி நம்பிக்கைகள் கிடையாது என்று அதுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

வெள்ளிக்கிழமை என் வேலை முடிந்துவிட்டது. மூன்று மணி பஸ்ஸில் கிளம்ப வேண்டும். பையைக் கட்டி வைத்துவிட்டு நானும் கரைக்குப் போய் மற்றவர்களோடு உட்கார்ந்தேன். பெண்கள் மணலில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சேவியர் தெற்கே உள்ள துறைகளுக்கெல்லாம் போன் போட்டுக் களைத்துவிட்டு வந்து நின்றார். வானம் வெளுத்திருந்தது. நூறு பேரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வளவு பெரிய கடலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, அதாவது அதற்குள் ஒரு ஆளைத் தேடிப் பார்த்ததில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“எல்லாரும் ஆரப் பாத்து இருக்கிய?”

ரோட்டுப் பக்கம், செருப்பில்லாத காலோடு, யாரோ கொடுத்த அளவில்லாத சட்டையைப் போட்டுக்கொண்டு மரியதாசன் நின்றார். பக்கத்தில் மற்ற மூன்று பேர். ஒரு பெரிய விசைப்படகு அவர்களைக் கட்டி இழுத்து எங்கோ தெற்கே ஒரு துறையில் கரையேற்றிவிட்டிருக்கிறது. அங்கிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். கடலில் போனவர்கள் பஸ்ஸில் வருவார்கள் என்று அந்தக் கரையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ரோசம்மா எழுந்த வேகத்தில் ஜெபமாலை அறுந்து மணிகள் மணலில் சிதறின. நானும் அழுதேன். வெட்கப்பட எதுவும் இல்லை, எல்லாரும் அழுதார்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு சட்டி கஞ்சியைக் குடித்தார் மரியதாசன். பாதிப் பேச்சிலேயே பாயில் சாய்ந்து தூங்கிவிட்டார். நான் சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று உள்ளே போனேன். ஸ்டெல்லா அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மாமியார் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தும், அந்தப் படத்தைக் காட்டுங்கள் சார் என்று வாய்விட்டே கேட்டாள்.

வேறு வழியில்லை. பிளாப்பியைச் செருகினேன். கேமரா கர்ரென்று அரைத்தது. ரோசம்மா என்னைப் பார்த்தார்.

“மாய்ச்சாச்சுன்னு சொன்னியே மக்கா.”

தலையைக் குனிந்துகொண்டேன். ஸ்டெல்லா கேமராவை என் கையிலிருந்து வாங்கி, பாயில் தூங்குகிற முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். அதே இமை, அதே போலக் கொஞ்சம் திறந்த வாய். எது படம், எது ஆள் என்று அளவை வைத்துத்தான் சொல்ல முடியும்.

“இவரு கரையில உள்ள நேரமெல்லாம் ஒறக்கமாக்கும் சாரே. கல்யாணம் கழிஞ்ச நாள் தொட்டு நான் பாக்குத மொகம் இதுதான். இத எப்படி மாய்க்கச் சொல்லுவேன்?”

என்னிடம் சொல்வதுபோல மாமியாரிடம்தான் சொன்னாள். ரோசம்மா குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். முதல் நாள் பின்னால் போனவர் இப்போது மூக்கு படுகிற அளவுக்குக் கிட்டே வந்து பார்த்தார்.

“கெடக்கட்டு” என்றார். “அட்டைக்கு, முழிச்ச பொறவு வேற எடு.”

எப்போது முழிப்பார் என்று கேட்டேன். இருவரும் சிரித்தார்கள். எழுப்புகிற உத்தேசம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. மூன்று மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அடுத்ததும் போயிற்று. நான் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, அந்த மனிதர் தானாகக் கண் திறக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.